விசா நீட்டிப்பு விண்ணப்பம்: லாகினை என்னிடமே கொடுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விசா ஏஜென்சி விளம்பரத்தில் 'தமிழிலும் பேசலாம்' என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். சாட்டில் கேட்டால் பதில் இல்லை. போன் போட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுத்து முதலிலிருந்து கேட்கிறார். இனிமேல் எனக்குச் சொல்லத் தெம்பில்லை. தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டு யாராவது ஒருவர் பொறுப்பாகப் பதில் போடுங்கள்.

நான் மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவள், சொந்த ஊர் ஈப்போ. கணவர் இந்தியர். பெங்களூரு ஜே.பி. நகரில் மாமியார், கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். இந்தியாவில் நீண்ட காலம் தங்க உதவும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கக் கல்யாணத்தைப் பதிந்து 2 வருஷம் ஆகியிருக்க வேண்டும், எங்களுக்கு இன்னும் ஆகவில்லை. அதுவரைக்கும் இந்தியரின் மனைவிக்குத் தரும் எக்ஸ்-2 விசாவை நீட்டிக்கத்தான் உங்கள் ஃபேமிலி பேக்கேஜில் 18,000 ரூபாய் கட்டினேன். அதில் என்னென்ன உண்டு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'தொடக்கம் முதல் முடிவு வரை நாங்களே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதே பேக்கேஜ்தான்.

சாந்திநகரில் இருக்கும் எஃப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போன விஷயத்துக்கு வருகிறேன். "எஃப்ஆர்ஆர்ஓவில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், காலையிலேயே குடும்பத்தோடு போய்விடுங்கள்" என்று உங்கள் ஆள் சொன்னார். கணவர் லீவு போட்டார். முழங்கால் வலியோடு மாமியார், அழுகிற குழந்தை, கொட்டுகிற மழை, கே.எச். ரோடு டிராஃபிக், இத்தனையும் தாண்டி அந்த பிஎம்டிசி பஸ் ஸ்டாண்ட் கட்டடத்தின் 5-வது மாடிக்குப் போய் நின்றால், "கூப்பிட்ட மெயிலைக் காட்டுங்கள்" என்கிறார்கள். எங்களிடம் ஏது மெயில்? 2018-லிருந்தே எல்லாம் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் ஆன்லைன்தான், அவர்களாகக் கூப்பிட்டால் மட்டும்தான் நேரில் வர வேண்டும் என்று அங்கே இருந்தவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். காசு வாங்கிய நீங்கள் சொல்லவில்லை! அப்புறம் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள் விண்ணப்பத்தை எப்போதோ குளோஸ் பண்ணியாச்சு மேடம்" என்றார்.

ஏன் குளோஸ் ஆனது தெரியுமா? நடப்பு வாடகை ஒப்பந்தம் கேட்டு மெயில் வந்திருக்கிறது, யாரும் பதில் போடவில்லை. அந்த மெயில் போனது உங்கள் முகவரிக்கு. என் பெயரில், என் பாஸ்போர்ட்டை வைத்துத் திறந்த கணக்கில் உங்கள் மெயில் ஐடியும் உங்கள் மொபைல் எண்ணும்தான் இருக்கின்றன, ஓடிபிகூட உங்களுக்குத்தான் வருகிறது. புது ஒப்பந்தத்தை, கல்யாணச் சான்றிதழோடு சேர்த்து, முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், நீல டிக் இன்னமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு காலாவதியான பழைய 11 மாத ஒப்பந்தத்தை ஏற்றியிருக்கிறீர்கள்.

அங்கிருந்தே, கீழே பஸ் சத்தத்தில் நின்றுகொண்டு, உங்கள் ஆளுக்கு போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், நீங்க ஃபாரினர், ரூல்ஸ் எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவ்ளோ அவசரம்னா மலேசியா போய் புது விசா எடுத்துட்டு வந்துடுங்க." பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. குழந்தையைக் கையில் வைத்திருக்கும் ஒருத்தியிடம் ஊருக்குப் போ என்று சொல்கிற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அந்த போன் பேச்சை நீங்கள் ரெக்கார்ட் செய்திருப்பீர்கள், 'பயிற்சிக்காக' என்று ஆரம்பத்திலேயே சொல்கிறீர்களே. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

இதற்கு முன்னாலேயே இன்னொன்றும் நடந்தது, சொல்ல மறந்துவிட்டேன். வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவத்தை வீட்டு உரிமையாளர்தான் ஆன்லைனில் போட வேண்டும், சரி. அதை நானே மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லியிருப்பேன். இதே ஆள் நேரடியாக அவருக்கு போன் போட்டு "ஃபாரினரை வைத்திருக்கிறீர்கள், படிவம் போடாவிட்டால் போலீஸ் வரும்" என்று மிரட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஒப்பந்தம் முடிந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். உங்களால் எங்களுக்கு வீடும் போனது.

இரண்டாவது விண்ணப்பத்தை, நாங்கள் அத்தனை கெஞ்சியும், விசா முடிந்த பிறகுதான் போட்டீர்கள். அதனால் அபராதம். அதையும் என் தலையில் கட்டி, கூடவே 'மறுவிண்ணப்பக் கட்டணம்' என்று ஒரு பில்! எதற்கு மறுவிண்ணப்பம், யார் செய்த வேலையால்? விசா முடிந்தவள் எக்ஸிட் பர்மிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) இல்லாமல் விமானம் ஏற முடியாது என்பதுகூடத் தெரியாமல் மலேசியாவுக்குப் போகச் சொன்னாரே அந்த மேதாவி, அதே காரணத்தால்தான் ஈப்போவில் என் தம்பி கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஒரே தம்பி. தாலி கட்டுவதை வீடியோ காலில் பார்த்தேன். அதற்கு நீங்கள் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. நாளைக்கு ஓசிஐக்குப் போகும்போது இந்த அபராதம் குறுக்கே நிற்குமோ என்ற பயத்தில் தூக்கமே போய்விட்டது.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. இப்போதாவது அந்தக் கணக்கின் ஐடி, பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்து, மெயிலையும் மொபைல் எண்ணையும் என்னுடையதாக மாற்றிவிடுங்கள், மீதியை நானும் கணவரும் பார்த்துக்கொள்வோம். அபராதத்தை நீங்கள் ஏற்க வேண்டும், அந்தப் புது பில்லை ரத்து செய்ய வேண்டும், 18,000 ரூபாய் முழுதாகத் திரும்ப வர வேண்டும். சாந்திநகருக்கு எந்த மெயிலைப் பார்த்து எங்களை அனுப்பினீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் தாக்கல் கட்டணமும் கிடையாது. மன உளைச்சலுக்கு 2 லட்சம் கேட்பேன், வாட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

பதிலை மெயிலில் அனுப்புங்கள். அந்த ஆளை மறுபடி பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஃபேமிலி பேக்கேஜ் வாடிக்கையாளர்,
ஜே.பி. நகர், பெங்களூரு