பத்து வயதுப் பிள்ளைகளின் கைக்கு மாயப் புனைவு நாவல்கள் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படும்போது, பிள்ளைகள் வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியல்கள் பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் தயாராகின்றன. ஆறாம் தரம் முதல் எட்டாம் தரம் வரையான பிள்ளைகளுக்கென்று அண்மைக் காலத்தில் என் பார்வைக்கு வந்த பட்டியல்களில் நீதிக் கதைகளும் சான்றோர் வரலாறுகளும் பொது அறிவு நூல்களுமே நிறைந்திருந்தன. மந்திரமும் வியப்பும் நிறைந்த கற்பனை உலகில் நிகழும் மாயப் புனைவு நாவல் ஒன்றுகூட இல்லை. நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில், இந்தக் குறையை நீக்க மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நூலகர்களும் ஆசிரியர்களும் முன்வர வேண்டும் என்று கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வரை மாதிரி வினாத்தாள்களோடும் ரியூசன் வகுப்புகளோடும் கழிந்த ஒரு பிள்ளையின் பொழுது, பரீட்சை எழுதி முடித்த மறுநாளே வெறுமையாகிவிடுகிறது. படக்கதைப் புத்தகங்கள் அந்த வயதுக்குச் சலித்துவிடுகின்றன. பெரியவர்களின் நாவல்களோ இன்னும் பிடிபடுவதில்லை. அந்த இடைவெளியை இன்று கைத்தொலைபேசி எடுத்துக்கொள்கிறது. இருநூறு பக்கங்களைத் தாமாகவே வாசித்து முடிக்கும் பொறுமை பிள்ளைகளுக்கு எங்கள் அறிவுரைகளால் வந்ததாக நான் கண்டதில்லை. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று அறியும் தவிப்பால் வந்ததையே கண்டிருக்கிறேன். அந்தத் தவிப்பை மாயப் புனைவு அளவுக்கு வேறெந்த எழுத்தும் பத்து, பன்னிரண்டு வயதில் எழுப்புவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

மந்திரமும் மாயமும் நிறைந்த கதைகள் பிள்ளைகளைப் பொய்யில் நம்பிக்கை கொள்ளச் செய்யும் என்று பெற்றார் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால், வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகியின் கதைப் பாடலான கண்ணகி வழக்குரை பாடப்படுவதைக் கேட்டு, மதுரையை எரித்தவளின் சினம் தணியக் குளிர்த்தி பாடுவதையும் பார்த்து வளர்கின்ற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் கல்நந்தி எழுந்து புல் உண்டது என்ற ஐதீகத்தை அறியாத பிள்ளை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்க முடியாது. வியப்பான கதையைக் கேட்பதற்கு வேண்டிய மனம் இங்கே ஏற்கனவே பண்பட்டிருக்கிறது. அத்துடன் நல்ல மாயப் புனைவில் எதுவும் எப்படியும் நடந்துவிடுவதில்லை. அந்த உலகத்துக்கென்று விதிகள் இருக்கின்றன. அவற்றை மீறுபவர் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மந்திரம் விலையின்றிக் கிடைக்கும் கதைகளை, அவை எவ்வளவு விறுவிறுப்பானவையாக இருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

இந்த அளவுகோலுக்கு அர்சுலா கே. லெ குவின் 1968ஆம் ஆண்டில் எழுதிய ‘எ விசார்ட் ஒஃப் ஏர்த்சீ’ என்ற ஆங்கில நாவலை முதலில் சொல்வேன். எண்ணற்ற தீவுகளால் ஆன ஓர் உலகம். அதில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவன். அவனிடம் பிறவியிலேயே அமைந்த மந்திர ஆற்றல். மந்திரம் பயிலச் சென்ற இடத்தில் சக மாணவனை வெல்ல வேண்டும் என்ற செருக்கினால் அவன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்ய, ஒரு கரிய நிழல் உலகத்துக்குள் நுழைந்து அவனைத் துரத்தத் தொடங்குகிறது. அரக்கனை வாளால் வெட்டி வீழ்த்தும் கதையாக இது போவதில்லை. தான் செய்த தவற்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் நின்று, திரும்பி, அதைத் தேடிச் செல்லத் தொடங்கும் இடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதியும். ஒரு தீவில் மந்திரத்தால் மழை பெய்வித்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று அங்கே மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. மழையையும் குளத்து நீரையும் நம்பி வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இராது. கதாநாயகன் செம்பழுப்பு நிறத் தோலுடையவன் என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் வீரனும் மந்திரவாதியும் வெள்ளை நிறத்தவர்களாகவே இருப்பார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் வேரூன்றக் கூடாது. ஆங்கிலத்தில் வாசிக்கக் கடினமாக இருக்கும் வகுப்புகளில் ஆசிரியர் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் கதையாகச் சொல்லலாம். 2022ஆம் ஆண்டில் மறைந்த மாஸ்டர் சிவலிங்கம் அவர்கள் கதை சொல்லியே சிறுவர்களைக் கட்டிப்போட்ட மட்டக்களப்பு மண்ணில் இது புதிய முறையல்ல.

தமிழிலேயே வாசிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இன்று நூல்கள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் அகழாய்வுத் தளமான கீழடியின் தொல்வாழ்வை ஒரு சிறுவனின் அனுபவமாக ஆக்கித் தரும் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதமியின் பால புரஸ்கார் விருதைப் பெற்றது. வரலாற்றுப் பாடத்தை வெறுக்கும் பிள்ளைக்கு நான் முதலில் கொடுக்க விரும்பும் நூல் இதுதான். 2020ஆம் ஆண்டில் அதே விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் ஒரு மரப்பாச்சிப் பொம்மை சிறுமியுடன் பேசுகிறது. தகாத தொடுகையைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கும் தாய்மார் இதைத் தாங்கள் முதலில் வாசித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது நல்லது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிச் செல்லும் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ சற்று மூத்த பிள்ளைகளுக்கு உகந்தது. ஹரி பொட்டர் வரிசையின் தமிழாக்கமும் கிடைக்கிறது. ஏழு நூல்களையும் ஒரே மூச்சில் வாங்கிக் கொடுக்கும் பெற்றார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நான்காம் நூலிலிருந்து மரணமும் கொடுமையும் கதையை ஆட்கொள்கின்றன. பத்து வயதுக்கு முதல் மூன்று நூல்கள் போதும். மற்றவை இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கலாம். பிரெஞ்சிலிருந்து தமிழாக்கப்பட்ட ‘குட்டி இளவரசன்’ எனக்கு மிகவும் பிடித்த நூலாயினும், அதன் துயரம் இந்த வயதுக்குப் பிந்தியே விளங்குகிறது என்பதால் இங்கு அதை வற்புறுத்தவில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இந்தியப் பதிப்புகளின் விலை சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இந்நூல்களைப் பிள்ளைகளிடம் சேர்க்கும் பொறுப்பு மாநகர சபை, பிரதேச சபை நூலகங்களையும் பாடசாலை நூலகங்களையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஐம்பது தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வாங்குவதைவிட, பத்துத் தலைப்புகளில் ஐந்தைந்து பிரதிகள் வாங்குவது பயன் தரும். ஒரே கதையை நான்கைந்து நண்பர்கள் ஒரே காலத்தில் வாசித்து அதைப் பற்றி வாதாடும்போதுதான் வாசிப்பு தொற்றிக்கொள்கிறது. வாங்கிய நூல்களைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டாமல் இரவல் கொடுக்க வேண்டும். பழுதாகும் பிரதியின் விலையைப் பிள்ளையிடம் அறவிடும் வழக்கம் சிறுவர் பகுதியிலாவது கைவிடப்பட வேண்டும், ஏனெனில் அந்த அச்சத்தினாலேயே நூல் எடுக்காமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசித்த ஒவ்வொரு நாவலுக்கும் சுருக்கம் எழுதித் தருமாறு கேட்பதையும் ஆசிரியர்கள் தவிர்ப்பார்களாக.

எங்கள் எழுத்தாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, கரையொதுங்கி, பின்னர் அரசியான ஆடகசவுந்தரியின் ஐதீகத்தையும், நிலவொளியில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் மீன்பாடலையும் வைத்துக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளைக்கென்று இருநூறு பக்கத்தில் ஒரு மாயப் புனைவு நாவலை இன்னும் நாம் ஏன் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது? அப்படியொன்று எழுதப்படுமானால், தங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியில் வாரந்தோறும் ஓர் அத்தியாயமாக அதைத் தொடராக வெளியிட இடமளிக்க வேண்டும். அதற்கு முன்னோடியாக, எதிர்வரும் வாசிப்பு மாதத்துக்கு முன்னரே, நூலகங்கள் கொள்வனவுத் தீர்மானம் எடுக்கும் காலத்தில், வாசகர்களிடமிருந்து இத்தகைய நாவல்களின் பெயர்களைக் கேட்டு வாங்கித் தாங்கள் வெளியிட்டால் நூலகர்களுக்கு அது பெரிதும் உதவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.