காலி புகையிரத நிலைய வரலாற்றுச் சுவர்: வேலை முடிந்தது

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் வாசிகசாலை மண்டபத்தின் நீளச் சுவரில் நம் காலி நகர ஸ்டேஷனின் கதையைத் தமிழில் எழுதி வைப்பதென்று போன வருடப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோமே, அந்த வேலை முடிந்துவிட்டது. ஒழுகிய கூரையை மாற்றி, கடல் காற்றில் உப்புப் பூத்திருந்த பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசி, அது நன்றாகக் காயும்வரை காத்திருந்து 12 பலகைகளையும் மாட்டியிருக்கிறோம். கணக்கு, பற்றுச்சீட்டுகளோடு செயலாளரிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

முதல் பலகைக்கே குழுவில் பெரிய வாக்குவாதம். கோச்சி (புகையிரதம்) வந்த 1894இலிருந்து தொடங்கலாம் என்றார்கள் சிலர், துறைமுகத்தைச் சொல்லாமல் இந்த ஊரின் கதையை எப்படித் தொடங்குவது என்றார்கள் மற்றவர்கள், கடைசியில் துறைமுகம்தான் வென்றது. ஒரு காலத்தில் கிழக்கே போகும் தபால் கப்பல்கள் காலியில்தான் நின்றன. கொழும்பில் 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது, கப்பல்களும் அங்கே போய்விட்டன. கோப்பித் தோட்டங்களுக்காகக் கண்டிக்கு 1867இலேயே கோச்சி ஓடியிருக்கிறது, நமக்கோ 1877இல் மொறட்டுவை, 1890இல் அளுத்கம என்று கரையோரமாக மெல்ல நகர்ந்து 1894இல்தான் வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே மாத்தறைக்கும் பாதை போட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது நான்காம் பலகை. கொழும்பிலிருந்து வரும் பாதையும் மாத்தறைக்குப் போகும் பாதையும் நம் ஸ்டேஷனின் ஒரே பக்கத்தால்தான் வெளியே போகின்றன, மறுபக்கம் தண்டவாளம் அதோடு முடிந்துவிடும். அதனால் மாத்தறைக் கோச்சி இங்கே வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தால் சுற்றிக் கொண்டுபோய், மற்ற முனையில் கொளுவ வேண்டும். கொழும்பிலிருந்து முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து வந்தவர், காலியிலிருந்து பின்பக்கம் பார்த்தபடி போவார். புதிதாக வருகிறவர்கள் கோச்சி திரும்பவும் கொழும்புக்கே போகிறதோ என்று பதறுவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கத்தவர் ஒருவர் தன் வாப்பாவின் பெட்டிக்குள் கிடந்த பழைய அட்டை டிக்கெட் ஒன்றைத் தந்தார், விரலளவுதான் இருக்கும், ஓரத்தில் கத்தரித்த வெட்டு அப்படியே இருக்கிறது. அதைக் கண்ணாடிக்குள் வைத்து இந்தப் பலகைக்குக் கீழே பதித்திருக்கிறோம்.

சுனாமிப் பலகையை எழுதத்தான் அதிக நாள் பிடித்தது. 2004 டிசம்பர் 26, போயா (பௌர்ணமி) விடுமுறை. நம் பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் தண்ணீருக்குள் போன அதே காலையில், ஹிக்கடுவைக்கு அந்தப் பக்கம் பெரலியவில் மாத்தறைக் கோச்சி நின்றுகொண்டிருந்தது. முதல் அலைக்குப் பயந்த ஊர்ச்சனம் பெட்டிகளுக்குள் ஏறியும் அவற்றின் மறைவில் ஒதுங்கியும் நின்றது, அடுத்த அலை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். உலகத்தில் வேறெந்தப் புகையிரத விபத்திலும் இத்தனை பேர் போனதில்லை. அந்த 591ஆம் இலக்க எஞ்சினைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டார்கள் என்பதையும் எழுதியிருக்கிறோம். படம் போடவில்லை. அந்தக் கோச்சியில் உறவுகளை இழந்தவர்கள் இந்த மண்டபத்துக்கு வந்து போகிறார்கள், அதுதான் காரணம்.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறோம். அச்சகத்திலிருந்து வந்த முதல் தொகுதியில் 1894 என்பது 1984 ஆகியிருந்தது, நான்கு பலகைகளைத் திரும்ப அடிக்கவேண்டி வந்தது. சரி, அதற்கு அச்சகத்தார் தனியாகக் காசு கேட்கவில்லை.

2011, 2012இல் தண்டவாளம் புதுப்பித்ததும், 2019இல் பாதை மாத்தறையைத் தாண்டி பெலியத்த வரை நீண்டதும் கடைசிப் பலகையில் சுருக்கமாக இருக்கின்றன. அதில் பாதி இடம் வெறுமையாக விட்டிருக்கிறோம். ஸ்டேஷனில் வேலை செய்தவர்களின் பழைய படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

நிருவாகக் குழு