மேட்டுப் பாதையில் நடக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கடலோரப் பாறை மேட்டில் பத்து கிலோமீட்டர் நடக்கப் போவதாகவும், இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. அந்த மாதிரிப் பாதை மட்டமாகப் போகாது. ஓடை கடலில் சேரும் இடமெல்லாம் கீழே இறங்கி மறுபடி ஏறும். ஒரு ஏற்றம் 60 மீட்டர்தான் என்றாலும், பத்து ஓடை குறுக்கிட்டால் 600 மீட்டர் ஆகிவிடும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதன்மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. ஆக மூன்று மணி. உட்காருவது, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து நாலரை என்று வைத்துக்கொள்.

இனி விளிம்பு. அலை அடிப்பாறையைக் குடைந்துகொண்டே இருக்கும். மேலே புல்வேர் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால், காலுக்கு அடியில் ஒன்றுமில்லை என்பது நிற்பவருக்குத் தெரியாது. தரையைப் பார்த்து நட. விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடினால், அதற்குக் கடல் பக்கம் உள்ள மண் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பாதையை உள்ளே தள்ளிப் போட்டிருந்தால் பழைய தடத்தில் போகாதே, காட்சி அங்கே நன்றாக இருந்தாலும். மழை விட்டு வெயில் அடிக்கிறதே என்றும் நம்பாதே. உள்ளே இறங்கிய நீர் மண்ணைக் கனமாக்கிப் பிடிப்பைத் தளர்த்தும்; சரிவு நாலு நாள் கழித்தும் வரும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றுதான் மோசம். ஆள் தள்ளாடும் அளவுக்கு வீசினால் அன்றைக்கு நடை வேண்டாம். படம் எடுக்கும்போது பின்னால் ஒரு அடியும் வைக்காதே. முதலில் நில், பிறகு போனை எடு.

கீழே சிறு மணல்திட்டைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காட்டும் ஏற்றவற்ற அட்டவணை பார்க்காமல் இறங்காதே. பெரும்பாலான கரைகளில் கடல் ஏறச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும், ஆனால் சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1, அடுத்து 2, பிறகு 3, 3, 2, 1. முதல் மணியில் அசையாததுபோல இருந்துவிட்டு, நடுவிலுள்ள இரண்டு மணியில் பாதி உயரம் ஏறிவிடும். பாறை முனையைச் சுற்றி வந்த வழி அப்போதுதான் மூடும். அதனால் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி முன்பே இறங்கி, வற்றிய நேரத்தில் மேலே திரும்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் கூடும். கீழே பாறையில் சாய்ந்து உட்காரவும் கூடாது, மேலிருந்து கல் விழும்.

செருப்பு வேண்டாம். ஈரப் புல்லில் வழுக்காத, பள்ளம் வெட்டிய அடிப்பாகம் உள்ள ஷூ போடு. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் எடு. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது ராத்திரிதான் தெரியும், காது மடலை மறந்துவிடாதே.

எங்கே தொடங்கி எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பு. மேட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மேலே ஏறும் முன்பே எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா