அந்த உடுப்பை மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவருக்கும், அப்பாவோடு வண்டி ஏறிய எல்லோருக்கும்,

வணக்கம்.

அப்பாவின் இறுதிப் பயணத்தை நீங்கள் நடத்தித் தந்த விதத்துக்கு முதலில் நன்றி. அவர் ஓட்டிய வண்டியிலேயே அவரைக் கொண்டுபோனீர்கள். வயர்லெஸ்ஸில் அவர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தீர்களே, அப்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் மறக்கமாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, சர்வதேசத் தீயணைப்பாளர் தினமான மே 4 அன்று திறக்கப் போகிறீர்கள். அதில் வைக்க அவருடைய உடுப்பைக் கேட்டிருக்கிறீர்கள். "கழுவ வேண்டாம், கரியோடு அப்படியே கொடுங்கள், அதுதான் அழகு" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். பிரியத்தில் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் தருவதாக இல்லை. நேரில் சொல்லியிருக்கலாம்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அப்பா சேர்ந்த காலத்தில் கரிதான் பதக்கம். ஹெல்மெட் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு அனுபவசாலி என்று அர்த்தம். தீயை அணைத்துவிட்டு உடுப்பைக் காரின் பின்சீட்டில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வருவார். காலையில் அதே சீட்டில் எங்களை உட்காரவைத்துப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார். எரிந்த பிளாஸ்டிக்கும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை. அது வந்தால் அப்பா பத்திரமாகத் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். எங்களுக்கு அது பிடித்துவேறு இருந்தது!

வீட்டில் தீப்பிடித்தால் இன்று எரிவது மரமும் பருத்தியும் மட்டுமா? சோபாவுக்குள் இருக்கும் நுரை, ஒயர், பெயின்ட், டிவி எல்லாம் சேர்ந்து எரிகின்றன. அந்தப் புகையில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு என்று ஒரு நச்சுப் பட்டாளமே இருக்கிறது. மூக்கை மாஸ்க் காப்பாற்றும். ஆனால் உடுப்பிலும் கழுத்திலும் ஒட்டிய கரியில் இருப்பது தோல்வழியே உள்ளே போகிறது. உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற பிரிவு அது. போதுமான சான்று இருப்பதாக அவர்கள் சொன்ன புற்றுநோய்கள் இரண்டு. ஒன்று நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா, இன்னொன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அப்பாவுக்கு வந்தது இரண்டாவது. அவருக்கு அது தீயால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. நாங்களும் சொல்லவில்லை, யார்மீதும் பழி போடவில்லை.

நோய் வருவதற்கு முன்பே அப்பா மாறிவிட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கடைசி வருடங்களில் தீ அணைந்ததும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நிற்பார். உடுப்பைத் தேய்த்து அலசி, கழுத்தைத் துடைத்த பிறகுதான் யாரையும் வண்டியில் ஏறவிடுவார். "பெரியவர் குளிப்பாட்டுகிறார்" என்று நீங்கள் கிண்டல் செய்ததை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். தீ அணைந்த இடத்தைக் கிளறும்போது மாஸ்க்கைக் கழற்றினால் மட்டும் சிரிக்கமாட்டார், திட்டுவார். கரியோடு அந்த உடுப்பைக் கண்ணாடிக்குள் வைத்தால், அவர் விடச் சொன்ன பழைய பெருமையைத்தான் அவர் பெயரில் மாட்டிவைப்பீர்கள்.

சரி, அவரை எதை வைத்து நினைப்பது என்று கேட்பீர்கள். வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஷூவுக்குள் பேன்ட்டைச் சுருட்டி நிறுத்தி வைத்திருப்பார். பேஜர் அடித்தால் இரண்டு காலையும் உள்ளே விட்டு இழுக்க வேண்டியதுதான். சாவி எப்போதும் இடது பாக்கெட்டில். கார் எப்போதும் சாலையைப் பார்த்து நிற்கும். அத்தனை அவசரமாக ஓடினாலும் பாதி நாள் யாரோ அடுப்பில் எதையோ கருகவிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் விபத்து, இல்லாவிட்டால் யாராவது மயங்கி விழுந்திருப்பார்கள். விடிந்ததும் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போவார். படையில் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இதற்காக எடுத்த விடுப்புகளால் வேலையிலும் சம்பளம் வெட்டுப்பட்டது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன்பு கூரையில் இருக்கும் புகை அலாரத்தின் பட்டனை அழுத்திப் பார்ப்பார். அது கத்தாவிட்டால் இவர் கத்துவார். இரவில் அறைக்கதவுகளை மூடிவிட்டுத்தான் படுக்க வேண்டும், இது வீட்டுச் சட்டம். மூடிய கதவு வெறும் மரக்கதவாக இருந்தாலும் புகையையும் சூட்டையும் சில நிமிடம் தடுத்து நிறுத்தும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சில இரவுகளில் திரும்பி வந்ததும் எங்கள் அறையைத் திறந்து, வெகுநேரம் நின்று பார்ப்பார். அன்று எங்கே போயிருந்தார், என்ன பார்த்தார் என்று சொன்னதே இல்லை. அப்புறம் மறுபடி கதவை மூடுவார்.

மே 4-ல் இப்படி ஒரு தினம் கொண்டாடுவதே ஆஸ்திரேலியாவின் லிண்டனில் 1998 டிசம்பரில் காற்று திசைமாறியதில் ஐந்து தன்னார்வத் தீயணைப்பாளர்கள் உயிரிழந்ததை ஒட்டி வந்தது என்பதை அவர் ஒவ்வொரு வருடமும் புதியவர்களுக்குச் சொல்வார். இந்த வருடம் வேறு யாராவது சொல்லிவிடுங்கள்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம், நிறம் இப்போதுதான் தெரிகிறது. தெருத்தெருவாகத் தண்ணீர்க் குழாய் இணைப்பு எங்கே இருக்கிறது, எதன் மூடி இறுகிக் கிடக்கிறது என்று அவர் எழுதிவைத்த நோட்டையும் தருகிறோம். அதைப் பெட்டிக்குள் பூட்டாமல் வண்டியில் வையுங்கள்.

அவர் நினைவாகச் சேர்ந்த பணத்தில் கண்ணாடிப் பெட்டி வேண்டாம். ஆளுக்கு இன்னொரு தலையுறையும் இன்னொரு ஜோடி கையுறையும் வாங்குங்கள், ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று இருக்கட்டும். மீதியில் உடுப்பு துவைக்க நிலையத்துக்கென்றே ஒரு மெஷின். பணம் போதாவிட்டால் சொல்லுங்கள், பார்க்கலாம். ரசீதை அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள், கட்டாயம் கணக்குக் கேட்பார்.

அன்புடன்,
உங்கள் பெரியவரின் மூத்த மகள்