தனுஷ்கோடி கடைக்காரர்களைக் கணக்கெடுத்து வியாபாரச் சான்றிதழ் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
தனுஷ்கோடி சிறு கடைக்காரர்கள்,
ராமேஸ்வரம் வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ராமநாதபுரம்.

பொருள்: தனுஷ்கோடியில் கடை வைத்துப் பிழைக்கும் எங்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்குதல், பழைய கடைவீதி இருந்த இடத்தை அடையாளப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடிந்த தேவாலயத்துக்கும் பழைய ரயில் நிலையத்துக்கும் அருகிலும், அரிச்சல்முனைக்குப் போகும் சாலை ஓரத்திலும் ஓலைக் கொட்டகை போட்டுக் கடை நடத்தி வருகிறோம். சங்கு, சோழி, பாசிமாலை, வறுத்த மீன், டீ, நன்னாரி சர்பத் ஆகியவைதான் எங்கள் சரக்கு. எங்களில் பாதிக்கு மேல் பெண்கள். வீட்டு ஆண்கள் கடலுக்குப் போக, கடையைப் பார்த்துக்கொள்பவர்கள் இவர்கள்தான்.

எங்களை எல்லாரும் "ஆக்கிரமிப்பாளர்கள்" என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மனு. நாங்கள் காலி மணலில் வந்து குந்தியவர்கள் அல்ல. இந்த ஊர் உருவானதே வியாபாரத்தாலும் போக்குவரத்தாலும்தான்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று ஆங்கிலேய வைஸ்ராய்களின் பெயர்களையே அந்தக் கப்பல்களுக்கு வைத்திருந்தார்கள். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். கப்பலோடு இணைந்த அந்த ரயிலைத்தான் நம் ஊர்க்காரர்கள் இன்றும் போட் மெயில் என்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் கரை முடிவது இங்கே, இலங்கை தொடங்குவது எதிர்க்கரையில். நடுவே இருந்தது இந்த எல்லை ஊர். சுங்க அலுவலகம், தபால் தந்தி நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், சத்திரங்கள், ஜவுளிக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இங்கே இருந்தன. சேதுவில் நீராட வந்த யாத்திரீகர்களும், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும், அங்கிருந்து ஊர் திரும்பியவர்களும் கப்பலுக்கும் ரயிலுக்கும் காத்திருந்த நேரத்தில் சாமான் வாங்கியது இந்தக் கடைகளில்தான்.

எங்களில் ஒருவரின் தாத்தா இங்கே வெற்றிலை பாக்கும் சுருட்டும் கருவாடும் விற்றவர். அவர் கல்லாவில் இரண்டு நாட்டுக் காசும் கலந்து கிடக்குமாம். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் அன்று சரிக்குச் சரி. ஆனால் இங்கே ரூபாய்க்கு 16 அணா, அங்கே ரூபாய்க்கு 100 சதம். ஓரணாச் சரக்குக்கு இலங்கைக் காசு நீட்டினால் ஆறேகால் சதம் என்று கணக்குப் போட வேண்டும். கால் சதத்துக்குச் சில்லறை கிடையாது, அதனால் ஒரு வெற்றிலையைக் கூடுதலாக வைத்தோ குறைத்தோ சரிக்கட்டுவார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார்கள் என்று பாட்டி சொல்வார். இந்த ஊர்க் கடைக்காரர்களின் திறமையைப் பற்றி எந்தத் தகவல் பலகையிலும் ஒரு வரி இல்லை. வருகிற சுற்றுலாப் பயணிகளுக்குப் புயல் மட்டும்தான் தெரிகிறது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலோடு போனது தாங்கள் அறிந்ததே. அதன் பின் இந்த ஊர் மக்கள் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. ஆனாலும் சேதுவில் நீராட வருபவர்கள் நிற்கவில்லை. மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டன. மணலிலும் தண்ணீரிலும் வேன்கள் தள்ளாடி வந்த காலத்திலும் எங்கள் வீட்டுப் பெண்கள் கூடையில் சங்கும் சோழியும் வைத்து விற்றார்கள். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு கூட்டம் பெருகியது, கடைகளும் பெருகின. சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்கியது.

முக்கியப் பிரமுகர் யாராவது வருகிறார் என்றால் முந்தின நாள் மாலையில் "கடையை எடு" என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். எழுத்தில் எதுவும் தருவதில்லை. எடுக்கத் தாமதமானால் தட்டு, அடுப்பு, மாலை எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. எதை எடுத்தார்கள் என்று பட்டியல் கிடையாது. மசாலா தடவி வைத்த சீலா மீனைத் தூக்கிப் போனால் அடுத்த நாள் அதைத் திரும்ப வாங்கி என்ன செய்வது? வட்டிக்கு வாங்கிப் போட்ட சரக்கு ஐயா அது.

தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பும் ஒழுங்குமுறையும்) சட்டம் 2014ஆம் ஆண்டே வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக உள்ளது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பறிமுதல் செய்தால் கையொப்பமிட்ட பட்டியல் தர வேண்டும், அழுகும் பொருளை உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயற்கைச் சந்தைகளை, அதாவது விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடும் இடங்களை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவும் அந்தச் சட்டம் சொல்கிறது. தனுஷ்கோடிக்குப் பொருந்தாமல் வேறு எந்த ஊருக்குப் பொருந்தும்? நடுவில் இந்த வியாபாரத்தைக் குலைத்தது கடல். நாங்களாக விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கமும் சரிசெய்ய வேண்டியவை உண்டு என்பதை மறைக்கவில்லை. சில கொட்டகைகள் தேவாலயச் சுவரை ஒட்டியே நிற்கின்றன. பவளக்கல்லால் கட்டிய அந்தச் சுவர் உப்புக்காற்றில் ஏற்கெனவே பொடிந்து உதிர்கிறது. அதில் ஆணி அடிப்பதும் கயிறு கட்டுவதும் கூடாது. சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று தாங்கள் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டோம். சிமெண்ட் கட்டடமும் நாங்கள் கேட்கவில்லை. கடற்கரை ஒழுங்குமுறைக்கு உட்பட்டு, ஒரே அளவில், பிரித்து எடுக்கக்கூடிய ஓலைக் கடைகள் போதும். 2025 ஜூனில் இங்கே பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுள்ளது, அதை வரவேற்கிறோம். பிளாஸ்டிக் பையை ஒழிக்க முதலில் நாங்களே தயார். ஆனால் இனி வரும் புதிய விதிகளிலும் திட்டங்களிலும் எங்கள் பெயர் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் பயம். கணக்கெடுப்பில் இல்லாதவருக்கு நாளை மாற்று இடமும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, குடிநீரும் கழிப்பறையும். இங்கே மணலைக் கையால் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரை அகப்பையால் மொண்டுதான் டீ போடுகிறோம். கோடையில் ஊற்று கரித்துவிடுகிறது. நாள் முழுக்க கடையில் நிற்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, உரிய உள்ளாட்சி அமைப்பு மூலம் தனுஷ்கோடியில் கணக்கெடுப்பு நடத்தி ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன் கூடிய வியாபாரச் சான்றிதழ் வழங்கவும், தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் சட்டப்படி வியாபாரிகளுக்குரிய 40 சதவீத இடத்தில் இங்குள்ள பெண்களுக்கும் இடம் கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறோம். அதுவரை எழுத்துப்பூர்வ அறிவிப்பின்றி எந்தக் கடையையும் அகற்ற வேண்டாம் என உத்தரவிட வேண்டும். பழைய சுங்க அலுவலகமும் கடைவீதியும் இருந்த இடத்தில், அங்கு நடந்த வியாபாரத்தைச் சொல்லும் தமிழ்ப் பலகை ஒன்று நிறுவ வேண்டும். 1964க்கு முன் இங்கே கடை வைத்திருந்தவர்கள் பற்றிய பதிவேடுகள் வருவாய்த் துறையிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ இருந்தால் அவற்றைத் தேடி எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறையில் உயிரோடு இருக்கும் முதியவர்கள் சிலர் இன்னும் ராமேஸ்வரத்தில் இருக்கிறார்கள், அவர்களை நாங்களே அழைத்து வருகிறோம்.

தாங்கள் ஒரு நாள் நேரில் வந்து பார்வையிட்டால், எந்தக் கடை எந்த இடத்தில் நிற்கலாம் என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தனுஷ்கோடி சிறு கடைக்காரர்கள்

இணைப்பு: கடைக்காரர்களின் கையொப்பம் மற்றும் கைரேகைப் பட்டியல், ஆதார் நகல்கள், கடைகளின் புகைப்படங்கள்.