மாலை போடும் முன் வேனின் பிரேக்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை பிறக்க இன்னும் சில வாரங்கள்தான். சபரிமலைக்கு வேன் பேசுகிறவர்கள் இப்போதே அட்வான்ஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், வேன்காரர்களும் வண்டியைப் பட்டறையில் விட ஆரம்பித்துவிட்டார்கள். கம்பத்தில் வேன் வேலை பார்க்கிறவன் நான். பத்து பதினைந்து வருஷம் ஓடின வேனுக்கு சீசனுக்கு முன்னால் செலவழிக்கிற காசு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் போகிறது. டிங்கரிங், பெயிண்ட், சீட் கவர், புது ஸ்பீக்கர், முன் கண்ணாடியைச் சுற்றி சீரியல் லைட். பிரேக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும், "நல்லாத்தானே பிடிக்குது, போயிட்டு வந்து பார்த்துக்கலாம்ணே" என்கிறார்கள்.

நல்லாத்தான் பிடிக்கும். திண்டுக்கல்லில் இருந்து தேனி வரைக்கும் எந்தக் குறையும் தெரியாது. குட்டிக்கானத்தில் இருந்து முண்டக்கயம் இறங்கும்போதும், எருமேலி தாண்டி கணமலை இறக்கத்திலும், திரும்பி வரும்போது குமுளியில் இருந்து லோயர் கேம்ப் இறங்கும்போதும்தான் உள்ளே இருக்கிற கோளாறு வெளியே வரும். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்துக்குள் உரசிப் பிடிக்கிற லைனரும் அது உரசுகிற டிரம்மும் சூடாகி, அந்தச் சூடு லைனரைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குள் இருக்கிற பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு, மூடி வைத்திருந்தாலும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்கிற வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு, ஈரம் ஏறின பிறகு அதே ஆயிலுக்கு 140 டிகிரிதான். கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவி சேரும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும், அவ்வளவுதான் விஷயம். மிதித்த பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. எங்கேயாவது ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிட்டால் பிரேக் பழையபடி வந்துவிடும். அதனாலேயே நிறைய டிரைவர்கள் 'ஏதோ ஏர் பிடிச்சிருக்கு' என்று அதை மறந்துவிட்டு அடுத்த டிரிப்புக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

பல வருஷம் தொடாத வேனின் பின் சக்கரத்தைக் கழற்றி வீல் சிலிண்டரைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? ஆயில் கஷாயம் மாதிரி கறுத்திருக்கும். தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய பொருள் அது. ரப்பர் கப் ஊதிப்போய் வாய் பிய்ந்திருக்கும், பிஸ்டனை விரலால் தள்ளினால் நகராது, சிலிண்டர் சுவரில் துருப்பிடித்த குழிகள் நகத்தில் தட்டுப்படும். ஒரு பக்கம் கசிந்து லைனர் ஆயிலில் ஊறியிருக்கும், மறுபக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே வண்டி புது பெயிண்டில் பளபளவென்று நிற்கும். எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். ஆயிலை முழுசாக மாற்றி, கப் கிட் போட்டு, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, அதாவது குழாயில் சிக்கின காற்றை வெளியேற்றிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதற்கு ஆகிற செலவு ஸ்பீக்கர் செட்டுக்கு ஆகிறதைவிடக் குறைவுதான். சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் மட்டும் கிட்டோடு விடாதீர்கள், சிலிண்டரையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஃபேன் பெல்ட். இதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பழைய டீசல் வேன்களில் நிறைய வண்டிக்கு மிதிக்கிற காலுக்குப் பலம் கூட்டுகிற பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சுகிற பம்ப்) டைனமோவின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, வேக்குவமும் போய்விடும். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். பம்ப்பில் இருந்து பூஸ்டருக்குப் போகிற ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே கதைதான். இதைப் பார்க்க மெக்கானிக்கே வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு பெடல் இறுகும் வரை பல தடவை மிதியுங்கள், அப்புறம் காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பக் கூடாது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தியோ நியூட்ரலிலோ விடுகிற டிரைவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இன்ஜின் நின்றால் பூஸ்டருக்கு வேக்குவம் கிடையாது, நியூட்ரலில் போட்டால் இன்ஜினின் பிடியும் கிடையாது, ஆட்களும் அரிசி மூட்டையும் கேரியரில் ஏற்றின பாத்திரமும் சேர்த்து மொத்தப் பாரமும் லைனர் தலையில்தான் விழும். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்குங்கள்.

டிரம் சூடாகிவிட்டது என்று பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறவர்களையும் மலைப்பாதையில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், காஸ்ட் அயர்ன் சூட்டில் இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிடுங்கள்.

ரேடியேட்டரையும் டயரையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெறும் தண்ணீரில் ஓட்டாமல் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், ஹோஸை அமுக்கிப் பார்த்து, மூடியில் இருக்கிற ரப்பரையும் பாருங்கள். டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரி, 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. பட்டன் இருந்தாலும் டயர் பழசாக இருக்கலாம். பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்க எண்ணைப் படியுங்கள், 2316 என்று இருந்தால் 2016-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றிலும் கிழடு.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கிவிட்டோமே என்பார்கள். எட்டு வருஷம் தாண்டின வாடகை வண்டிக்கு எஃப்.சி. வருஷத்துக்கு ஒரு தடவை. போன மாசியில் எஃப்.சி. காட்டின வேன் அதற்கப்புறம் கல்யாண டிரிப், கோடையில் ஊட்டி, கொடைக்கானல் என்று ஓடிவிட்டுத்தான் கார்த்திகைக்கு வருகிறது. அந்தப் பேப்பரை மட்டும் நம்பி மலை ஏறுவது சரியில்லை. 2022 டிசம்பரில் சபரிமலை போய்விட்டுத் திரும்பின ஆண்டிப்பட்டிப் பக்கத்து பக்தர்கள் எட்டுப் பேர் குமுளி மலைச்சாலையில் கார் கவிழ்ந்து இறந்ததை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. தூக்கமில்லாத டிரைவரும் களைத்துப்போன வண்டியும் கடைசியாக இறங்குகிற இறக்கம் அது.

வேன்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாடகையை அடிமாட்டு விலைக்குப் பேசிவிட்டு, டி.வி. உண்டா, புஷ்பேக் சீட்டா என்று கேட்கிறோம், வண்டி நிற்குமா என்று கேட்பதில்லை. குருசாமிகள் மனசு வைத்தால் இது ஒரே சீசனில் மாறும். நாற்பது வருஷம் மலைக்குப் போன குருசாமி சொன்னால் வேன்காரர் தட்ட மாட்டார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, "பிரேக் ஆயில் எப்போ மாத்துனீங்க, பில் காட்டுங்க சாமி" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். இரண்டாயிரம் கூடப் போனாலும் போகட்டும், பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்கு இருநூறுகூட வராது.

வண்டியை ஐப்பசிக்குள் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். கார்த்திகை முதல் வாரத்தில் லேத்தில் டிரம் கடைசலுக்கு வரிசை நிற்கும், பழைய மாடல்களுக்கு சிலிண்டர் மதுரையில் இருந்து வர வேண்டியிருக்கும். இருமுடி கட்டுகிற அன்று ராத்திரி வேனை நிறுத்திவிட்டு விடியறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க என்றால், எந்த மெக்கானிக்காலும் அதை ஒழுங்காக முடித்துக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
வேன் மெக்கானிக் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்