முறைப்பாடு: இரத்துச் செய்த கரைச்சுற்றுலாக்களுக்கான 300 டொலரைத் திருப்பித் தருதல்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.
2025 ஏப்ரல் 7

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கடந்த மார்ச் 9ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் ஆகிய துறைமுகங்களுக்குச் சென்று 14ஆம் திகதி மீண்டும் சிங்கப்பூரை அடைந்த தங்கள் கப்பலில் நானும் எனது மூத்த சகோதரியும் பயணம் செய்தோம். கப்பலின் அறை, உணவு, பணியாளரின் பண்பு எதிலும் எமக்குக் குறையில்லை. எனது முறைப்பாடு, துறைமுகங்களில் இறங்கும் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டத் தாங்கள் விற்கும் கரைச்சுற்றுலாக்களைப் பற்றியது: அவை எமக்கு எவ்வாறு விற்கப்பட்டன என்பதும், முறைப்படி இரத்துச் செய்த பின்னரும் அவற்றின் பணம் ஏன் இன்னும் எமக்கு வரவில்லை என்பதுமே இக்கடிதத்தின் விடயம்.

பயணச்சீட்டை யாழ்ப்பாண நகரிலுள்ள தங்கள் முகவரிடம் பதிவு செய்தோம். துறைமுகங்களில் நாம் தனியாக இறங்கிப் பார்க்க விரும்புவதாகவும், பயணத்துக்கு வேண்டிய நுழைவு அனுமதிகளைப் பெற்றுக்கொள்வோம் என்றும் அப்போதே தெளிவாகச் சொன்னேன். அதற்கு அங்கிருந்த அலுவலர், "அம்மா, தனிய இறங்க விடமாட்டாங்கள், ரூர் (சுற்றுலா) எடுத்தாத்தான் கப்பலை விட்டு இறங்கலாம்" என்றார். நான் இரண்டாம் முறையும் கேட்டேன். அதே பதிலே வந்தது. முப்பத்தோராண்டு கணிதம் படிப்பித்தவள் என்ற முறையில், விதியென்று ஒன்றைச் சொன்னால் அது எழுத்தில் எங்கே உள்ளது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் பிழை. போர்ட் கிளாங்குக்கு ஒருவருக்கு 96 டொலர், பினாங்குக்கு 62, புக்கெட்டுக்கு 88 என, இருவருக்குமாக மொத்தம் 492 அமெரிக்க டொலரை எனது கடனட்டையில் செலுத்தினேன்.

கப்பலில் ஏறிய அன்று மாலை அறைக்குள் வைக்கப்பட்டிருந்த தங்கள் நாளாந்தத் தாளைப் படித்தபோதுதான், அறை அட்டையையும் கடவுச்சீட்டின் பிரதியையும் வைத்திருக்கும் எந்தப் பயணியும் தாம் விரும்பியபடி கரைக்குச் சென்று, குறித்த நேரத்துக்குள் திரும்பலாம் என்று அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டேன். உடனடியாக, மாலை 5 மணிக்கு, கரைச்சுற்றுலா மேசைக்குச் சென்று மூன்று சுற்றுலாக்களையும் இரத்துச் செய்யும்படி கேட்டேன். சுற்றுலா தொடங்குவதற்கு 24 மணித்தியாலங்களுக்கு முன்னர் இரத்துச் செய்தால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும் என்பது தங்கள் நிபந்தனை. அதன்படி மறுநாட்காலைக்குரிய போர்ட் கிளாங் சுற்றுலாவை இரத்துச் செய்ய இயலாது என்றும், மற்றைய இரண்டும் இரத்தாகிவிட்டன என்றும் சொல்லி, அவற்றுக்குரிய படிவத்தில் மேசையிலிருந்தவர் முத்திரையிட்டுத் தந்தார். அதன் பிரதியை இணைத்துள்ளேன்.

போர்ட் கிளாங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எமது பாட்டனார் மலாயாப் புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். எமது தந்தையார் பிறந்தது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில். மலாயாப் பென்சன் காசில் கட்டிய வீடுகள் யாழ்ப்பாணத்தில் இன்றும் எத்தனையோ உண்டு; நான் இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் வீடும் அவற்றுள் ஒன்று. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சைவர்கள் பிரிக்பீல்ட்ஸில் எழுப்பிய கந்தசுவாமி கோயிலுக்கு ஒருமுறை போய்க் கும்பிட வேண்டும் என்பதே இந்தப் பயணத்துக்கு அக்கா சம்மதித்ததன் காரணம். அதற்கான வழியையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தோம். கப்பல்கள் அணையும் முனையம் புலாவ் இண்டா தீவில், ஊரை விட்டு ஒதுங்கி இருப்பதால் அங்கிருந்து நடந்து எங்கும் போக முடியாது. ஆனால் வாடகைக் காரில் போர்ட் கிளாங் புகையிரத நிலையத்தை அடைந்தால், அங்கிருந்து கொம்யூட்டர் எனப்படும் புறநகர்ப் புகையிரதம் நேரே கோலாலம்பூரின் பிரதான நிலையமான கே.எல். சென்ட்ரலுக்குச் செல்கிறது. புகையிரதக் கட்டணம் சில ரிங்கிட்டுகள்தான். கே.எல். சென்ட்ரல் அமைந்திருப்பதே பிரிக்பீல்ட்ஸில். கோயில் அங்கிருந்து நடைதூரம். பத்துமலைக்குப் போவதென்றாலும் அதே நிலையத்தில் வண்டி மாறினால் போதும்.

காசு கட்டியாகிவிட்டதால், அதை வீணாக்க மனமின்றித் தங்கள் பஸ்ஸில் போனோம். இரட்டைக் கோபுரத்தின் முன்னால் படம் பிடிக்கப் பதினைந்து நிமிடம், சொக்கலேற் விற்கும் கடையொன்றில் 50 நிமிடம், பத்துமலையில் 25 நிமிடம் எனச் சுற்றுலா முடிந்தது. 272 படிகளை எழுபத்திரண்டு வயதான ஒருவர் ஏறி இறங்க 25 நிமிடம் போதாது என்பதைத் தங்கள் வழிகாட்டி அறியாதவரல்லர்; அக்கா கீழே நின்று 140 அடி முருகன் சிலையை மட்டும் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸில் அமர்ந்துகொண்டார். பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகலாமா என்று கேட்டதற்கு, நிகழ்ச்சிநிரலில் இல்லை என்றார்கள். அது உண்மைதான், நிகழ்ச்சிநிரலில் அது இல்லை.

இந்தச் சுற்றுலாவுக்கான 192 டொலரை நான் திருப்பிக் கேட்கவில்லை. பொய்யான விளக்கத்தின் பேரில் வாங்கியது என்றாலும், பஸ்ஸில் இருந்து போய் வந்தோம். அனுபவித்ததற்குக் காசு கேட்பது என் வழக்கமல்ல.

பினாங்கில் எமது விருப்பப்படி இறங்கினோம். கப்பல் அணையும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்தவுடன் விக்டோரியா மகாராணியாரின் மணிக்கூட்டுக் கோபுரம், அடுத்தாற்போல் கோர்ன்வாலிஸ் கோட்டை, அதைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் குட்டி இந்தியா. 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலில் காலைப் பூசை கண்டோம். வாழையிலையில் சோறு உண்டோம். திரும்பும்போது அக்காவின் முழங்கால் நொந்ததால், பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ் டவுனுக்குள் இலவசமாக ஓடும் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். கோயிலில் இட்ட காணிக்கையும் தேநீரும் உட்பட இருவருக்கும் செலவானது 41 ரிங்கிட், அதாவது பத்து டொலருக்கும் குறைவு. நாம் இரத்துச் செய்த, ஒருவருக்கு 62 டொலர் பெறும் தங்கள் சுற்றுலாவினர் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் அதே மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து அதே கோயில்வரை நடந்தே வந்தார்கள் என்பதையும் குறிப்பிடுகிறேன். வழிகாட்டியின் விளக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை ஆசிரியையாகிய நான் மறுக்க மாட்டேன். ஆயினும் அந்த விலையைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது பயணியின் உரிமை.

புக்கெட்டில் கப்பல் கரைக்கு வராமல் பட்டோங் குடாவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கியது. சுற்றுலா வாங்கியவர்கள் அனைவரும் போய் முடியும்வரை ஏனையோர் காத்திருக்க வேண்டும் என்றார்கள். 9 மணிக்கு வரிசை எண் பெற்ற எமக்கு 11.10க்கே படகு கிடைத்தது. இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. கடைசிப் படகு 4.30க்கு என்று நாளாந்தத் தாள் சொன்னதே தவிர, எந்த மணிக்கூட்டின்படி என்று சொல்லவில்லை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். கரைக்குப் போனதும் கைத்தொலைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. படகில் ஏறுமுன் நான் அதிகாரியொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிராவிட்டால், தொலைபேசியை நம்பி 4.30க்கு வந்திருப்போம், அப்போது கப்பலில் 5.30 ஆகியிருக்கும். தங்கள் சுற்றுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர் தாமதித்தால் காத்திராது என்பது எமக்குத் தெரியும். அது நியாயமான விதி என்றே கருதுகிறேன், அதனால்தான் எங்கும் இரண்டு மணித்தியாலம் முந்தியே திரும்பினோம். ஆனால் அப்படி ஒரு விதியை வைத்திருக்கும் நிறுவனம், நேரத்தை ஐயத்துக்கு இடமின்றி அச்சிட வேண்டாமா?

ஊர் திரும்பிய பின் கடனட்டைக் கணக்கைப் பார்த்தபோது, இரத்தான இரு சுற்றுலாக்களின் பணமும் வரவில்லை. மார்ச் 18ஆம் திகதி தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அது முகவர் ஊடாகப் பெற்ற தொகுப்பு என்பதால் முகவரையே அணுகுமாறு 28ஆம் திகதி பதில் அனுப்பினீர்கள். முகவரிடம் நேரில் போனேன். பணம் முழுவதும் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதென்று சொல்லி, அனுப்பிய பற்றுச்சீட்டையும் காட்டினார்கள். ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொண்டிருக்க, பணம் தங்களிடமே இருக்கிறது.

2023 ஜூனில் எங்கள் காங்கேசன்துறைக்கும் உல்லாசக் கப்பல் வந்தது. அங்கே வந்திறங்கும் ஒருவர் நல்லூருக்கு எப்படிப் போவதென்று கேட்டால், பஸ்ஸும் உண்டு, புகையிரதமும் உண்டு என்று தெருவில் போகும் யாரும் சொல்லுவார்கள். இறங்கவே விடமாட்டார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, பினாங்குச் சுற்றுலாவுக்கான 124 டொலரையும் புக்கெட் சுற்றுலாவுக்கான 176 டொலரையும், மொத்தம் 300 அமெரிக்க டொலரை, செலுத்திய அதே கடனட்டைக்கு இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சுற்றுலா வாங்காதவரும் கப்பலை விட்டு இறங்கலாம் என்பதைத் தங்கள் முகவர்களுக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றை எனக்கும் அனுப்பிவைக்க வேண்டும். நாளாந்தத் தாளில் கப்பல் நேரம் எது, கரை நேரம் எது என்று இனிமேலாவது தனித்தனியே அச்சிடுங்கள். குறித்த நாட்களுக்குள் பணம் வராவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன்.

முத்திரையிட்ட இரத்துப் படிவம், மார்ச் 9 முதல் 12 வரையான நாளாந்தத் தாள்கள், கடனட்டைக் கணக்குக்கூற்று, முகவரின் பற்றுச்சீட்டு, இரு மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். மூலப்பிரதிகள் என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை

பிரதி: யாழ்ப்பாண முகவர் அலுவலகம்